கேதார்நாத் போன சும்மாடு

யாத்திரைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, இரண்டு குரங்குத் தொப்பிக்கு வாங்கிய உல்லன் நூலில் பாதியை நான் ஒழித்துக்கட்டினேன். சாய வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகள் சிரித்தாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

1. என் அடுப்பு

அருப்புக்கோட்டையில் ஒரு சாயப்பட்டறையில் முப்பது வருடம் சாயம் போட்டவன் நான். வேலையை விட்டபின் நானும் வீட்டுக்காரி பாக்கியமும் கேதார்நாத் போகப் பேர் கொடுத்தோம். அங்கே குளிர் மண்டையைத் துளைக்கும் என்றார்கள். அவள் போனில் பார்த்துப் பின்னல் பழகி, ஆளுக்கொரு தொப்பி பின்ன அசல் ஆட்டு முடி நூல் நாலு சிட்டம், வளையமாய்ச் சுற்றிய நாலு கட்டு, வாங்கினாள். எல்லாம் வெள்ளை. சாமி மலைக்குக் காவித் தொப்பியோடு ஏற வேண்டும் என்பது என் ஆசை.

"சாயம் நான் போட்டுத் தாரேன்" என்றேன்.

"ஏங்க, இத மெதுவாத்தான் சூடு பண்ணணுமாம். கிண்டக் கூடாதாம்."

"எவன் சொன்னான்?"

"போன்ல ஒரு பொம்பள."

"அந்தப் பொம்பள எந்தப் பட்டறையில வேலை பாத்துச்சு?"

எங்கள் பக்கத்துச் சாமி திருமேனிநாதரை நினைத்து அடுப்பைப் பற்றவைத்து இரண்டு சிட்டத்தை இறக்கினேன். பருத்தி நூலுக்குச் செய்கிற அதே வேலைதான். தளதளவென்று கொதி, உப்பு, சோடா, கோலால் புரட்டு, கல்லில் அடித்து அலசு, முறுக்கிப் பிழி. பிறகு உதறினேன். விரியவில்லை. இரண்டு சிட்டமும் கட்டிப்பிடித்து, தடித்த வட்டமாகக் கிடந்தன. தலைச்சுமைக்கு அடியில் வைப்போமே சும்மாடு, அச்சு அசல் அதுதான். நிறம், செங்கல் கழுவிய தண்ணீர்.

பாக்கியம் திட்டவில்லை. தன் சடையைத் தூக்கிக் காட்டினாள். "இதுவும் முடிதான். இத சோடாவுல வேக வச்சு, கல்லுல அடிச்சா என்னத்துக்கு ஆகும்?"

2. அவள் அடுப்பு

மறுநாள் காலை மிச்ச இரண்டு சிட்டத்தை அவளே எடுத்தாள். கேசரிப் பவுடர், எலுமிச்சம்பழச் சாறு, சின்னத் தீ. எனக்குக் கை துறுதுறுத்தது.

"கோலத் தொட்டீக, இன்னைக்குச் சோறு கெடையாது."

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டது. நிறம் முழுக்க நூலுக்குள் போய்விட்டது. முப்பது வருடத்தில் சாயத்தொட்டி இப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. என்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"யாரக் கும்புடுறீக? என்னையவா, கேசரிப் பவுடரையா?"

அந்த நூலில் ஒரு தொப்பிதான் தேறியது. என் தலையில் மாட்ட வந்தாள். "கெடுத்தது நான். நீ போட்டுக்க. எனக்குத்தான் சும்மாடு இருக்கே" என்றேன்.

3. மலை

உச்சந்தலையில் சும்மாட்டை வைத்து, துண்டால் தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். குளிர் ஏறவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். எங்களோடு வந்த காரியாபட்டிக்காரர் உற்றுப் பார்த்தார்.

"என்னண்ணே, சும்மாடு இருக்கு, லோடக் காணோம்?"

பாக்கியம் முந்திக்கொண்டாள். "இருக்குண்ணே, வெளிய தெரியாது. முப்பது வருசப் பட்டறைப் பெரும. சாமிகிட்ட எறக்கி வைக்கத்தான் கூட்டியாந்தேன்."

சன்னதி வாசலில் துண்டை அவிழ்த்துச் சும்மாட்டை எடுத்தேன். தலை ஜில்லென்றது. அவள் சொன்ன லோடையும் சேர்த்து இறக்கிவிட்டதாகத்தான் நினைக்கிறேன்.

தம்பிகளா, எந்த நூல் கைக்கு வந்தாலும், செடியில் வெடித்ததா, உடம்பில் முளைத்ததா என்று கேட்டுவிட்டு அடுப்பு மூட்டுங்கள். எனக்கும் ஒரு தொப்பி வேண்டுமென்று பாக்கியம் மறுபடி நூல் வாங்கியிருக்கிறாள். அடுப்பு அவள் பொறுப்பு. எலுமிச்சம்பழம் பிழிகிற வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறாள், கொட்டை விழாமல்.