அரசர் பிறந்தநாளில் என்னை வென்றவர்

செய்தி வந்தபோது டண்டினொங் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். மனைவிதான் அழைத்தாள். "மரியதாஸ் அண்ணர் மோசம் போயிட்டாராம்" என்று சொல்லி விம்மினாள். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. நான் செத்துப்போனால் இவள் இப்படி அழுவாளா என்ற எண்ணம்தான். அவரை அறிந்து, இந்த நினைவுமலரைப் படிக்கும் நீங்கள் கோபிக்கமாட்டீர்கள். அவர்மீது எனக்கிருந்த பொறாமை உங்களில் யாருக்குத்தான் தெரியாது?

ஒவ்வொரு ஜூனிலும் இங்கே பிரித்தானிய அரசரின் பிறந்தநாளுக்கென்று ஒரு திங்கட்கிழமை விடுமுறை வருகிறது. அன்று மல்கிரேவ் மண்டபத்தில் நம்மவர்கள் பட்டிமன்றம் வைப்பார்கள். அவுஸ்திரேலியாவுக்கு முடியாட்சியா, குடியரசா? தலைப்பு மாறுவதே இல்லை. முடியாட்சிக்கு நான், குடியரசுக்கு மரியதாஸ் அண்ணர். அரசர் தந்த லீவிலேயே அரசரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிப் பேசிவிட்டு, மீன் ரோல்ஸும் தேநீருமாகக் கலையும் கூட்டம் நம்முடையது. நான் வாரக்கணக்காகப் படித்துவிட்டுப் போவேன். அவர் வெறுங்கையோடு வருவார். அவர் எழுந்தாலே சபை சிரிக்கத் தயாராகிவிடும்.

ஒருமுறை தோற்கவே முடியாத வாதத்தோடு போனேன். இலங்கை குடியரசானபோது, சிறுபான்மையினருக்கு இருந்த பாதுகாப்பை அரசியல் யாப்பிலிருந்து எடுத்தார்கள் அல்லவா? "குடியரசு என்ற சொல்லால் கெட்டவர்கள் நாங்கள்" என்று முடித்தேன். மண்டபம் அமைதியானது. அப்படியோர் அமைதி எனக்கு அதற்குமுன் கிடைத்ததில்லை.

அண்ணர் எழுந்தார். "ஓம், தம்பி சொல்லுறது சரி. ஆனா தனிச்சிங்களச் சட்டம் வரேக்கை எங்களுக்கும் பிரிட்டிஷ் அரசி இருந்தவதானே? அவ என்ன செய்தவ? ஒரு கடுதாசியாவது போட்டவவோ?"

நடுவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். முன்வரிசையில் இருந்து என் மனைவியும் கைதட்டினாள். காரில் ஏறியதும் ஏன் கைதட்டினாய் என்று கேட்டேன். "அவர் சொன்னது உண்மைதானேயப்பா" என்றாள்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் கிடந்தார், பேசினால் மூச்சு வாங்கியது. "கெதியா எழும்புங்கோ அண்ணை. இந்த முறை உங்களை விடமாட்டன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஒரேயொரு தடவை அவரை வெல்லவேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை.

அவர் சிரித்தார். "உமக்கு ஒண்டு சொல்லோணும். முந்தி இஞ்சை ஒரு வாக்கெடுப்பு வைச்சாங்கள், குடியரசு வேணுமோ எண்டு. நான் அப்ப இருந்த அரசிக்குத்தான் போட்டனான்."

"அப்ப மேடையிலை பேசினதெல்லாம்?"

"அது நான் நம்புறது. வாக்குப் போட்டது பயத்திலை. யாப்பை மாத்தப் போறம் எண்டு எந்த நாட்டிலை சொன்னாலும், என்ர கை தன்ரபாட்டிலை பாஸ்போட்டைத் தேடுது, தம்பி."

வென்றுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. இத்தனை வருடம் முடியாட்சிக்காகப் பேசியும் இப்படி ஒரு வசனம் என் வாயில் வந்ததில்லை. என் கட்சிக்கான சிறந்த வாதமும் அவரிடமே இருந்திருக்கிறது.

இறுதிப் பூசையன்று தேவாலயத்தில் இடமில்லாமல் வெளியிலும் சனம் நின்றது. தொலைவிலுள்ள சிட்னி மெரிலேண்ட்ஸிலிருந்துகூட வந்திருந்தார்கள். அங்கேயும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அதன்பிறகுதான் அழுதேன். ஜூனில் எனக்கு எதிரே யார் இருக்கப் போகிறார்கள்?

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பாஸ்போட் வசனம்தான். இங்கே அதை எழுதாமல் விட்டு, ஜூனில் என்னுடையதாகவே பேசிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பலித்திருக்காது. கேட்ட மாத்திரத்தில் நீங்கள் எல்லோரும் அவர் பெயரைச் சொல்லியிருப்பீர்கள்.