பாவுத் தெருவில் ஆறு நிமிடம்

போன வருடம், ஆறு நிமிடத்தில் என் மகள் நடக்கும் தூரம் குறைந்தது. நோயால் குறைந்ததா, என்னால் குறைந்ததா? டாக்டரிடம் கேட்டுவிட்டேன். பிசியோதெரபி பார்க்கிற அம்மாவிடம் கேட்டுவிட்டேன். என் கணவரிடம் அவர் சலித்துப்போகும் அளவுக்குக் கேட்டுவிட்டேன். யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

அவளுக்கு இப்போது பத்து வயது. ஆறு வயது நடக்கும்போது, தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கும்போதெல்லாம் கையை முழங்கால் மேல் ஊன்றி, தொடை மேல் ஊன்றி, தன் உடம்பிலேயே ஏறுகிற மாதிரி எழ ஆரம்பித்தாள். விளையாட்டு என்று நினைத்து இரண்டு முறை திட்டினேன். அந்தத் திட்டை நினைத்தால் இப்போதும் நாக்கு கசக்கிறது. பிறகு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், மரபணு சோதனைக்கு அனுப்பினார்கள். தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும் நோய் என்றார்கள். வேகமாக வளராத வகை, ஆனால் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை என்றார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அவளை நான் நடக்கவே விடவில்லை என்று சொல்லலாம். பள்ளிக்கூடத்துக்கு வண்டி. மாடிப்படி என்றால் இடுப்பில் தூக்கிக்கொள்வேன். ஓடாதே, குதிக்காதே, உட்கார். யாரும் எனக்கு அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இருக்கிற தசையைச் செலவழிக்காமல் வைத்துக்கொண்டால் நிறைய நாள் வரும் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த பிசியோதெரபி அம்மாதான் அதை மாற்றினார். ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் நோய் எடுத்துக்கொள்வது போக, சும்மா இருப்பதும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்று பொறுமையாகச் சொன்னார். முதலில் இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, நாற்காலிக்கு முன்னால் தரையில் வைத்து மிதிக்கிற சின்ன பெடல் ஒன்றை வாங்கச் சொன்னார்கள். முதலில் ஐந்து நிமிடம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டி இருபது நிமிடம், வாரத்தில் மூன்று நாள். மிதிக்கும்போது அவளால் பேச முடிய வேண்டும். பேச மூச்சு பத்தாவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். மறுநாளும் கால் வலி இருந்தால் குறைக்க வேண்டும். சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் தசை சேதமாகிறது என்று அர்த்தம், எதையும் யோசிக்காமல் உடனே கிளம்பி வர வேண்டும்.

எங்கள் வீட்டில் முன்னறையில்தான் தறி. என் கணவர் குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்வார். அவருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அவள் மிதிப்பாள். பேச முடிகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. ஒருநாள் அவள் கேட்டது எனக்கு அடுப்படி வரை கேட்டது.

“ப்பா, நீ மிதிச்சா சேலை வருது. நான் மிதிச்சா இன்னா வருது?”

“உனுக்குப் பசி வருது இல்ல? அது போதும் போ.”

உண்மையிலேயே பசி வந்தது. ஒரு தோசைக்கு மேல் தொடாதவள் மூன்றாவது கேட்டாள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஆறு மாதம் கழித்து வேலூரில் நடை சோதனை செய்தார்கள். நீளமான வராந்தாவில் இரண்டு முனையிலும் கூம்பு மாதிரி ஒன்றை வைத்துவிட்டு, ஆறு நிமிடம் அவள் இஷ்டத்துக்கு நடக்கச் சொல்வார்கள். களைத்தால் நிற்கலாம். கடைசியில் எத்தனை மீட்டர் என்று பார்ப்பார்கள். பெடல் வாங்கும் முன்னால், முதல் முறை, முந்நூற்று நாற்பது. பெடல் மிதித்த பிறகு முந்நூற்று அறுபத்திரண்டு.

அந்த இருபத்திரண்டு மீட்டரை நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கதை.

நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். சாயங்காலம் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். நாற்பது மார்க் வாங்குகிற பிள்ளையை எழுபதுக்குக் கொண்டுவருவது எனக்குத் தெரிந்த வேலை. பழைய கேள்வித்தாளை எடுத்து, திரும்பத் திரும்ப எழுத வைத்து, பரீட்சைக்கு முந்தின வாரம் இரட்டிப்பாக்கினால் மார்க் வரும். முந்நூற்று அறுபத்திரண்டைப் பார்த்ததும் எனக்கு மார்க்தான் ஞாபகம் வந்தது. அடுத்த முறை நானூறு என்று வாய்விட்டே சொன்னேன். அவளும் தலையாட்டினாள்.

பயிற்சிக்கு இடம் வாசலிலேயே இருந்தது. எங்கள் தெருவில் காலையில் பாவு போடுவார்கள். சேலைக்கான நீளவாட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, கஞ்சி போட்டு, வெயில் உறைக்கும் முன்னால் சுருட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் வண்டி எதுவும் உள்ளே வராது. பாவின் நீளம் எத்தனை மீட்டர் என்று என் கணவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். பாவு ஓரமாகப் போய்த் திரும்பினால் ஒரு சுற்று. ஆஸ்பத்திரி வராந்தாவைவிட நேரான பாதை. இதைவிட வசதி எங்கே கிடைக்கும் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

செல்போனில் ஆறு நிமிடம் வைத்துக்கொண்டு நான் ஒரு முனையில் நிற்பேன். இன்னொரு முனையில், பாவில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடும் எதிர்வீட்டு அக்கா எண்ணுவார். நான்கு நாளில் தெருவுக்கே இது வேடிக்கையாகிவிட்டது. அவள் வரும்போது கஞ்சி போடுகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். இன்றைக்கு எவ்வளவு என்று பல் துலக்கிக்கொண்டே கேட்பார்கள். பெயருக்குப் பதிலாக அவளை ‘எக்ஸ்பிரஸ்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு தாங்காது. அதுவரை தெருப் பிள்ளைகள் விளையாடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

“டீச்சரம்மா, உன் பொண்ணு என்னிய விட ஜல்தியா போவுது. நாளையிலருந்து எனுக்குப் பதிலா அதையே பாவுல உட்டுடலாம்” என்றார் அக்கா.

நான் ஒரு நோட்டில் தினமும் தூரத்தை எழுதினேன். தூரம் கூடியது. கூடிய நாளில் அவளைக் கட்டிக்கொண்டேன். குறைந்த நாளில் திட்டவில்லை, அது உறுதி. ஆனால் நோட்டை மூடும் விதம் வேறாக இருந்திருக்கும். சோதனைக்கு முந்தின வாரம், என் வழக்கப்படி, காலையில் இரண்டு முறை நடக்கவிட்டேன். இதை ஆஸ்பத்திரியில் கேட்டுச் செய்யலாமே என்று எனக்குத் தோன்றவில்லையா என்றால், தோன்றியது. செல்போனை எடுத்து வைத்துக்கொண்டு, இதற்குப் போய் அவர்களைத் தொந்தரவு செய்வதா என்று கீழே வைத்தேன்.

சோதனை நாள் என் கணவர் தறியில் ஒரு சேலை முடிக்க வேண்டி இருந்ததால், நாங்கள் இருவர் மட்டும் எங்கள் ஊர் ஆரணியில் இருந்து காலை பஸ்ஸில் போனோம். வராந்தாவில் நான் பேசக் கூடாது, கையும் காட்டக் கூடாது என்று ஓரமாக உட்கார வைத்தார்கள். முதல் நிமிடம் அவள் எங்கள் தெருவில் நடக்கிற மாதிரியே விறுவிறு என்று போனாள். எனக்கு உள்ளே நானூறு என்று ஓடியது. மூன்றாவது நிமிடத்தில் இடுப்பு இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்தது. நான்காவதில் சுவரைப் பிடித்தாள். நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்துவிட்டு, என்னைப் பார்க்காமல் எழுந்து மறுபடி நடந்தாள். இருநூற்று எண்பத்தொன்று.

டாக்டர் பழைய காகிதங்களைப் புரட்டினார். ஆறு மாதத்தில் இவ்வளவு குறைவது அவர் எதிர்பார்த்தது இல்லை என்றார். நோய் அடுத்த கட்டத்துக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும், பெடலை நிறுத்திவிடலாம், பள்ளிக்கூடத்துக்குச் சக்கர நாற்காலி வாங்குவதைப் பற்றியும் இப்போதே யோசிப்பது நல்லது என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, கீழே விழுந்தாளா, வழக்கத்துக்கு மாறாக ஏதாவது செய்தாளா என்று கேட்டார்.

என் மகள் டாக்டரின் மேஜையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினாள். அவளை அப்படிச் சொல்லச் சொல்லி நான் பழக்கியிருக்கவில்லை. என்னைக் காப்பாற்றினாள்.

நான் பேசாமல் இருந்திருந்தால் அந்தக் காகிதம் அப்படியே எழுதி முடிந்திருக்கும். பேச வாய் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தெரு, பாவு, நோட்டு, நேற்றுக் காலை இரண்டு முறை நடந்தது எல்லாம். டாக்டர் பேனாவை மூடினார். பிசியோதெரபி அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இது பரிட்சை இல்லம்மா. எடை பாக்குற மாதிரி. எடை மெஷின்ல ஏறுறதுக்கு யாராவது பிராக்டிஸ் பண்ணுவாங்களா? இன்னைக்கு இவ எப்படி இருக்காளோ அதுதான் எனக்கு வேணும். நல்ல நம்பர் எனக்கு வேணாம்.”

ரத்தம் எடுத்தார்கள். தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ஒரு பொருள் அவளுக்குக் கூடி இருந்தது. ஆனால் இந்த நோயில் அது எப்போதுமே அதிகம்தான் என்பதால் அதை வைத்தும் எதுவும் சொல்ல முடியவில்லை. மூன்று வாரம் பெடல் வேண்டாம், நடைப் பயிற்சி வேண்டாம், வழக்கமான நடமாட்டம் மட்டும், பிறகு மறுபடி சோதிக்கலாம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் தறியில் இருந்து எழுந்திருக்கவில்லை. குறுக்கு இழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார். “நானும்தான பாத்துகினு இருந்தேன். ஜல்தி ஜல்தின்னு நானும்தான கத்தனேன். நீ ஒருத்தியே எடுத்துத் தலையில போட்டுக்காத” என்றார். எதிர்வீட்டு அக்கா அன்று சாயங்காலமே வந்தார். வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று ஓடி ஓடியே பழகிய தெரு இது, மெதுவாக நடக்கிறவளுக்கு எண்ணிக்கை சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை என்று வருத்தப்பட்டார். எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவருக்கு நான் ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

அந்த மூன்று வாரமும் அவள் குளியலறையில் இருந்து வந்ததும் நான் உள்ளே போய்ப் பார்ப்பேன். சிறுநீரின் நிறம் மாறவில்லை. அவள் எழுந்திருப்பதை, உட்காருவதை, செருப்பு போடுவதை எல்லாம் பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

மறு சோதனையில் முந்நூற்று முப்பத்தெட்டு. சக்கர நாற்காலிப் பேச்சை டாக்டர் எடுக்கவில்லை. பெடலைத் திரும்பத் தொடங்கலாம், ஐந்து நிமிடத்தில் இருந்து, என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் முன்னால் இருந்தது முந்நூற்று அறுபத்திரண்டு. மிச்சம் இருபத்து நாலு மீட்டர் எங்கே போனது? நோய் தன் வேகத்தில் எடுத்துக்கொண்டிருக்கலாம், மூன்று வாரம் சும்மா இருந்ததில் போயிருக்கலாம், அன்றைக்கு நாளே அப்படி இருந்திருக்கலாம், இவ்வளவு வித்தியாசத்துக்குப் பெரிய அர்த்தம் கிடையாது என்று பிசியோதெரபி அம்மா சொன்னார். நான் கெடுத்ததாகவும் இருக்கலாமா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட அவருக்கு மனம் இருந்தது, தெரிந்தது. ஆனால் அவர் நேர்மையானவர். தெரியாது என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், கண்ணமங்கலம் தாண்டிய பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“எக்ஸ்பிரஸ்னு கூப்ட ஆரம்பிச்சாங்க இல்ல, அன்னிக்கே கால் வலிச்சுதும்மா.”

“ஏன்டி சொல்லல?”

“நீ நோட்டுல எழுதிகினு சிரிச்சுகினு இருந்த. எல்லாரும் சிரிச்சுகினு இருந்தாங்க.”

 அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள், ஏதோ நான்தான் அடிபட்டவள் மாதிரி.

இப்போது மறுபடி பன்னிரண்டு நிமிடம் வரை மிதிக்கிறாள். நோட்டை நான் நிறுத்திவிட்டேன். வலியைச் சொல்லக் கூச்சப்படுகிற குழந்தைகளுக்காக ஆஸ்பத்திரியில் ஒரு படம் கொடுத்திருக்கிறார்கள். சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரை வரிசையாக இருக்கும். மிதித்து முடித்ததும் அவள் ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டும். அவள் விரலை நீட்டுவதற்கு முன்னால் ஒருமுறை நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள். அதற்குப் பிறகு எப்போதும் இரண்டாவது முகத்தைத்தான் தொடுகிறாள். நான் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டு என் கணவரைக் கேட்கச் சொன்னேன். அப்போதும் இரண்டாவதுதான். உண்மையிலேயே இரண்டாவதாகவும் இருக்கலாம். பெடலை நிறுத்தினால் அவள் பசியும் சிரிப்பும் போகும். நிறுத்தாவிட்டால், வலிக்கும் நாளில் மிதிக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. மிதிக்க வேண்டாம் என்று எந்த நாளில் சொல்வது என்பதை அவள் வாய்தான் எனக்குச் சொல்ல வேண்டும். அந்த வாயை நானே மூடிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் இப்படி ஒரு பிள்ளையை வளர்ப்பவர்கள் இருந்தால் எழுதுங்கள். சிறுவயதில் இருந்தே இந்த மாதிரி நோயோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் இருந்தால், உங்களிடம்தான் முக்கியமாகக் கேட்கிறேன். உங்கள் அம்மா எப்படிக் கேட்டிருந்தால், எந்த நேரத்தில் கேட்டிருந்தால், முகத்தை எப்படி வைத்துக்கொண்டு கேட்டிருந்தால், வலிக்கிறது என்று உண்மையைச் சொல்லியிருப்பீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.