‘எம்னி’ என்றால் வேண்டாம்

அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்தாள் கல்யாணி. ஈரவாடை இல்லை, கரையான் மண் இல்லை. பாச்சை உருண்டை வாசனை மட்டும்தான். தலையை வெளியே எடுத்ததும் அவள் விலை கேட்கவில்லை. வீட்டை விற்றுக் கிளம்பும் அந்த பாலிகஞ்ச் அம்மாளிடம், ஏன் கொடுக்கிறீர்கள் என்று வங்காளியில் கேட்டாள். மகனோடு இருக்கப் புனேவுக்குப் போகிறார்களாம். அலமாரி அன்று மாலையே லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அவள் வீட்டுக்கு வந்துவிட்டது.

குக்கர், மெத்தை, காஸ் ட்யூப் தவிர அந்த வீட்டில் ஏறக்குறைய எல்லாமே வேறொரு குடும்பத்தோடு வாழ்ந்துவிட்டு வந்தவை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. விலைக்கு வாங்கும் மாட்டை அவள் வால் நுனிவரை பார்ப்பாள். மாற்றல், கல்யாணம், சாவு என்று எந்தக் காரணம் சொன்னாலும் அவளுக்குச் சம்மதம். “எம்னி” என்று பதில் வந்தால் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ‘சும்மாத்தான்’ என்பதற்கு வங்காளிகள் சொல்வது அது.

“சும்மா யாராவது நல்ல சாமானைக் கொடுப்பாளோ? என்னமோ ஆயிருக்கு, சொல்ல மாட்டேங்கறா” என்பாள்.

போன மாதம் ஜாதவ்பூரில், மழையில் அவள் கணவன் ஆனந்த் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தான். நடைபாதைக் கல்லில் தலை மோதியது. ஹெல்மெட் இருந்ததால் மூக்குக் கண்ணாடி உடைந்ததோடு போயிற்று. மறுநாளே கல்யாணி புது ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தாள். “அடி வாங்கினது இன்னொரு அடி தாங்காது. வெளில பார்த்தா ஒண்ணும் தெரியாது” என்றாள். உண்மைதான். துடைத்து வைத்த பழைய ஹெல்மெட், கடையிலிருந்து அப்போதுதான் வந்ததுபோல் மின்னியது.

ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்காரர் வந்தார். பேப்பர் கட்டுகளோடு ஆனந்த் கொண்டுவந்து வைத்த ஹெல்மெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏக்தம் நொதுன், பௌதி!” புத்தம் புதுசு, அண்ணி! இதைச் சாக்கில் போட மாட்டேன், தனியாக விற்றுவிடலாம் என்றார். பிறகு கேட்டார்: “கேனோ திச்சென்?” ஏன் கொடுக்கிறீர்கள்?

ஆனந்த் மொபைலிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: “எம்னி.”

கல்யாணி திரும்பி அவனைப் பார்த்தாள். “என்ன சொன்னேள்?”

“விடேன், கல்யாணி. அவருக்கும் நாலு காசு கிடைக்கட்டுமே. பார்க்க நன்னாத்தானே இருக்கு.”

அவள் பேப்பர்காரர் கையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பாதி நறுக்கிய பூசணிக்காயை ஒதுக்கிவிட்டு அரிவாள்மணையில் உட்கார்ந்து, முகவாய்ப் பட்டையை இரண்டு பக்கமும் அடியோடு அறுத்தாள். திரும்பி வந்து, ஹெல்மெட்டைத் தன் கையாலேயே அவருடைய சாக்குக்குள் போட்டாள்.