என்னைத் தேடி வந்த படகு

கடலில் துடுப்பில்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. நான் காணாமல் போனால் ஒருவருக்கும் தெரியாது. அன்று செவ்வாய்க்கிழமை. என் மகள் ஞாயிற்றுக்கிழமைதான் போன் செய்வாள்.

என் பெயர் சாமுவேல். காஞ்சிபுரத்தில் ஓரிக்கைப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்து கொடுப்பேன். கர்த்தர் எனக்குச் செய்ததைச் சபையில் எழுந்து நின்று சொல்ல நினைத்தேன். ஒவ்வொரு முறையும் எழாமலே உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

என் மனைவி எஸ்தர் சிறுநீரக வியாதியில் இறந்துபோனாள். போன தை மாதத்தோடு இரண்டு வருஷம் முடிந்தது. அவளுக்காக முழங்காலில் நின்று அழுது ஜெபித்திருக்கிறேன். அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் ஜெபிக்கவே இல்லை. ஞாயிறு ஆராதனைக்கு வருவேன். கடைசி வரிசையில் உட்காருவேன். ஆசீர்வாதம் சொல்வதற்குள் வண்டியை எடுத்துவிடுவேன். யாராவது வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

மகள் ஜெனிபர் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். "சாப்ட்டியாப்பா?" என்பாள். "சாப்ட்டேம்மா" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டு பேருக்கு அரிசி போடும் பழக்கம் ரொம்ப நாள் என்னை விட்டுப் போகவில்லை. மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலையில் சாப்பிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் கயாக் என்னிடம் வந்தது. கடற்கரைச் சாலையில் ஒரு பங்களாவுக்கு கேட் மாட்டப் போயிருந்தேன். ஒரே ஆள் மேலே உட்கார்ந்து துடுப்புப் போடும் பழைய பிளாஸ்டிக் படகு அங்கே செடிகளுக்கு நடுவில் கிடந்தது. வீட்டுக்காரர், "வேணும்னா எடுத்துக்கினு போங்க" என்றார். விரிசலை ஒட்டிச் சரிசெய்தேன். வாரத்தில் ஒரு நாள் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்குப் போவேன். மணலில் இழுத்துப் போய், அலை உடைகிற இடத்தைத் தாண்டி, தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பேன். மீன் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. அங்கே யாரும் என்னிடம் பேசமாட்டார்கள். அதுவே எனக்குப் போதும்.

ஒன்பது மணிக்குக் கரைக்கு வந்து, அங்கிருந்த டீக்கடையில் சர்க்கரை இல்லாமல் ஒரு டீ குடிப்பேன். எட்டு மாதம் குடித்திருக்கிறேன். கடைக்கார அம்மாவின் பெயரை ஒரு நாளும் கேட்டதில்லை.

பொங்கல் முடிந்து அடுத்த வாரம். அன்று குப்பத்துக்குள் பறைச் சத்தம் கேட்டது. படகுகள் எல்லாம் மணலிலேயே கிடந்தன. என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை. கயாக்கை இறக்கினேன்.

தை மாதத்தில் காலை வேளையில் கரையிலிருந்து கடலைப் பார்த்துக் குளிர்ந்த காற்று அடிக்கும். வெயில் ஏறினால் அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை. ஏழு மணி இருக்கும், பெரிய பாரை மீன் ஒன்று தூண்டிலில் மாட்டியது. ஆசையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்தேன். கயாக் கவிழ்ந்துவிட்டது.

லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் மிதந்தேன். நாலைந்து முறை வழுக்கி விழுந்து, கடைசியில் எப்படியோ மேலே ஏறிவிட்டேன். தூண்டில் போயிற்று. போன் போயிற்று. துடுப்பு அலைமேல் மிதந்துகொண்டு தூரத்தில் போனது. கையாலேயே தண்ணீரைத் தள்ளிப் பார்த்தேன். காற்று என்னை இன்னும் உள்ளேதான் கொண்டுபோனது. கரையிலிருந்த சவுக்கு மரங்கள் ஒரு கறுப்புக் கோடாகிவிட்டன. ஈரச் சட்டையில் காற்றுப் பட்டு உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. கத்தினேன். என் சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அந்த இரண்டு வருஷத்தில் எத்தனையோ காலை, கண் விழிக்காமலே இருந்திருக்கலாமே என்று நினைத்திருக்கிறேன். அன்று கடலில் என் மனசு வேறு மாதிரி கதறியது. எனக்கு வாழ வேண்டும் போல இருந்தது. ஜெனிபரிடம் ஒரு முறையாவது உண்மையாகப் பேச வேண்டும் போல இருந்தது.

பெரிய ஜெபமெல்லாம் வரவில்லை. பழகிய வார்த்தைகள் மறந்துபோயிருந்தன. "ஆண்டவரே, நான் இல்லன்னு யாருக்கும் தெரியாது. என்னைத் தேட ஒருத்தரை எழுப்பும்" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு அதுவும் முடியாமல் "ஒருத்தரை, ஒருத்தரை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு படகோடு படகாகக் குப்புறப் படுத்துக் கிடந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் முதுகில் நன்றாக ஏறிவிட்டது. அப்போது இன்ஜின் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கினேன். ஒரு ஃபைபர் படகு நேராக என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

"யோவ், சர்க்கரை இல்லாத டீ அண்ணே! உயிரோட கீறியா?" என்று ஒருவர் கத்தினார்.

பக்கத்தில் வந்து என் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கித் தன் படகில் போட்டார். அவர் பெயர் ஏழுமலை. டீக்கடைக்கார அம்மாவின் தம்பி. என்மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு நடந்ததைச் சொன்னார்.

குப்பத்தில் அன்று ஒரு மீனவர் இறந்துபோயிருந்தார். பிணத்தை எடுக்கும்வரை யாரும் கடலில் இறங்கக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. ஒன்பது மணி ஆகியும் நான் டீ குடிக்க வரவில்லை. என் வண்டி மட்டும் நின்றது. அந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நேராகச் சாவு வீட்டுக்கே போய்விட்டார்.

"எங்க அக்கா ஊரையே ரெண்டாக்கிட்டா" என்றார் ஏழுமலை. "பெரியவங்க ஒத்துக்கல. வெளியூர் ஆளு, வேற எங்கியாவது போயிருப்பாரு, பொணம் எடுத்ததும் பார்க்கலாம்னாங்க. அப்ப செத்தவரோட சம்சாரம் எழுந்து வந்துச்சு. என் ஊட்டுக்காரரு போனது போதும், இன்னொருத்தரும் போவ வேணாம், படகைத் தள்ளுங்கன்னுச்சு. அதுக்கு மேல யாரு இன்னா பேசுறது?"

தன் புருஷனைக் கிடத்தி வைத்திருந்த அந்த நேரத்தில், முகம் தெரியாத எனக்காக ஒரு பெண் எழுந்து நின்றிருக்கிறாள்.

கரையில் டீக்கடை அம்மா காத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. என்னைப் பார்த்ததும் திட்டினார். "சொல்லிட்டுப் போவ மாட்டியாய்யா? நீ வரலன்னு நான் எத்தினி வாட்டி கடலைப் பார்க்கிறது?" அன்றைக்குத்தான் அவர் பெயரைக் கேட்டேன். கன்னியம்மா.

சூடாக டீ குடித்துவிட்டு, அவரோடு சாவு வீட்டுக்குப் போனேன். யாரோ கொடுத்த லுங்கியும் சட்டையும் போட்டிருந்தேன். இறந்தவரின் சம்சாரத்துக்குக் கை கூப்பினேன். "எனக்கும் ஊட்டுக்காரி இல்லம்மா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவர் தலையை ஆட்டினார். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். எஸ்தரை அடக்கம் பண்ணிய அன்றுகூட நான் அப்படி அழுததில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவர் என் முதுகில் கை வைத்திருந்தார். உடலை எடுக்கும்வரை இருந்து, சுடுகாடுவரை நடந்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் பட்டறையிலிருந்து இரவல் போனில் ஜெனிபரை அழைத்தேன். "சாப்ட்டியாப்பா?" என்றாள். "இல்லம்மா. என்னால தனியா முடியல" என்றேன். அந்தப் பக்கம் அவளும் அழுதாள். இரண்டு வருஷமாக அவளும் எனக்குத் தெரியாமல் அழுதுகொண்டுதான் இருந்திருக்கிறாள். அந்த வாரமே கிளம்பி வந்து நாலு நாள் இருந்தாள். இருவருமாக அம்மாவைப் பற்றிப் பேசினோம்.

வீடு இப்போதும் வெறும் வீடுதான். எஸ்தர் திரும்பி வரவில்லை. சில மாலைகளில் கதவைத் திறக்கும்போது நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் இப்போது ஜெபிக்கிறேன். எங்கள் தெருவில் தனியாக இருக்கிற மூன்று பேர் வீட்டுக் கதவைத் தினமும் பட்டறைக்குப் போகும்போது தட்டிவிட்டுப் போகிறேன். அதில் ஒருவர் தெலுங்கு பேசும் பெரியவர், ஒருவர் ரிட்டயர்டான வாத்தியார் பாய். "இன்னா, நல்லா இருக்கீங்களா?" அவ்வளவுதான் கேட்பேன். பதில் வந்தபிறகுதான் நகர்வேன்.

எஸ்தருக்காக நான் ஏறெடுத்த ஜெபத்துக்கு ஏன் அந்தப் பதில் வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. கடலில் நான் சொன்ன ஒரு வரிக்கு என்ன பதில் வந்தது என்று தெரியும். கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது என்னைப் போல வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் தத்தளித்துக்கொண்டு இருந்தால், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அழகான வார்த்தை வேண்டாம், முழு ஜெபம் வேண்டாம். ஒரு வரி சொல்லுங்கள். அவர் ஒருவரை எழுப்புவார். அது நீங்கள் நினைத்துக்கூடப் பார்க்காத ஆளாக இருக்கும். தயங்காமல் கையை நீட்டுங்கள்.