மியூசியம் வாசலில் செருப்புக் குவியல்

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வரலாறு படித்தேன். திருச்சியிலிருந்து காரைக்குடி போகிற சுற்றுலா வேன்களைப் புதுக்கோட்டையில் நிறுத்தி, மியூசியத்தையும் சித்தன்னவாசலையும் காட்டுவது என் வேலை. "கல்லு பாக்க வர்றவங்களுக்கு வழி காட்டுறான்" என்று அப்பா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வார்.

அன்று வந்தவர்கள் சென்னைக்காரர்கள், எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். கூட்டி வந்த டிராவல்ஸ் மேனேஜர் இறங்கும்போதே சொல்லிவிட்டார்.

"தம்பி, போன தடவ வந்தவங்க இங்க என்ன இருக்குன்னு கேட்டாங்க. இன்னைக்கும் அப்படின்னா, அடுத்த ட்ரிப்புலேர்ந்து நேரா காரைக்குடிதான். மனசுல வச்சுக்காதீங்க."

அந்த டிராவல்ஸை விட்டால் எனக்கு வேறு கம்பெனி இல்லை. இந்த நிறுத்தம் போனால் நான் திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

மியூசியம் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. குன்றாண்டார்கோவில் பக்கத்து ஆட்கள் குலதெய்வக் கோயிலில் காது குத்திவிட்டு, பிடித்த வேனுக்கு இன்னொரு இடமும் பார்த்துவிடலாம் என்று வந்திருந்தார்கள். கழற்றச் சொல்லி அங்கே பலகை ஏதும் கிடையாது. ஆனால் உள்ளே சாமி சிலைகள் இருக்கின்றனவே, செருப்போடு எப்படிப் போவார்கள்? நான் விளக்கிச் சொல்வதற்குள் என் குழுவிலிருந்த ஓர் அம்மாள் குனிந்து ஷூவைக் கழற்றினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். கடைசியில் மேனேஜரும்.

தரை குளத்துத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. வழக்கமாக ஷூக்கள் டக்டக்கென்று அறைக்கு அறை ஓடும். அன்று காலடிச் சத்தமே இல்லை. உயரத்து ஜன்னலிலிருந்து இறங்கிய வெயிலில் தூசி மிதந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை தாய்மாமன் தோளில் உறங்கியபடி வெண்கலச் சிலைகளைக் கடந்து போனது. எல்லாரும் தண்ணீருக்குள் நடப்பதுபோல மெல்ல நடந்தார்கள். நானும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

ஒரு பெரியவர் முதுமக்கள் தாழியின் முன்னால் நெடுநேரம் நின்றார். காதுகுத்து வீட்டு அம்மா ஒருவர் கேட்டார்: "என்னங்கய்யா, உள்ளேருந்து எந்திரிச்சு வருவாகன்னு பாக்குறீங்களா?"

"எனக்கு எடம் பத்துமான்னு பாக்குறேம்மா."

"அதுக்குள்ள என்னங்க அவசரம்? இங்கிட்டு வாங்க, புலி இருக்கு."

பெரியவர் சிரித்துக்கொண்டே பாடம் செய்த புலியைப் பார்க்கப் போனார்.

வெளியே வந்ததும் காதுகுத்து வீட்டார் வேப்ப மரத்தடியில் எங்களுக்கும் இலை போட்டுவிட்டார்கள். "சாமிக்குப் படைச்ச பொங்கச் சோறுங்க, வேண்டாம்னு சொல்லக் கூடாது" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். காரைக்குடியில் சொல்லி வைத்திருந்த மதியச் சாப்பாட்டு நேரம் கடந்தது. மேனேஜர் போனைக் காதில் வைத்தபடி அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஷூவைக் கழற்றிய அம்மாள் இலையை மடித்துவிட்டுக் கேட்டார்: "இன்னைக்கே காரைக்குடி போயாகணுமா? இந்த ஊர்லயே தங்கினா என்ன?"

மேனேஜர் மற்றவர்களைப் பார்த்தார். யாரும் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. போனை அணைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நல்ல லாட்ஜ் இருக்கா தம்பி?"

"இருக்கு சார்."

"அடுத்த மாசத்துக்கும் சேத்து ரூம் பேசி வைங்க. சித்தன்னவாசலுக்கு எப்பப் போனா நல்லாருக்கும்?"

"விடியக்காலையில சார். பாறை சூடாகுறதுக்கு முந்தி" என்றேன்.