சுரண்டிப் பார்த்த கன்றுகள்

ஒன்பது வயதில் நான் அறுபத்திரண்டு கறிவேப்பிலைக் கன்றுகளைக் கொன்றேன். 'தெரியாமல் செய்த பிழை' என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம்.

ரெய்னர்ஸ் லேனுக்குப் பக்கத்தில் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, ஒரு சின்ன நர்சரி இருந்தது. இடம் அவருடையது. விதை போட்டு, குளிருக்கு ஹீட்டர் வைத்து, செடிகளை வளர்த்தது அப்பா. ஆங்கிலம் வராத அப்பாவை லண்டனில் சனம் தேடி வந்த ஒரே இடம் அதுதான். "அண்ணை, மல்லிகை ஏன் பூக்குதில்லை?" என்று யாராவது கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். சனிக்கிழமைகூட அங்கேதான் நிற்பார்; வீட்டில் வாயே திறக்கமாட்டார்.

கிறிஸ்மஸ் லீவில் செடிகளை எண்ணினார்கள். வசந்தத்துக்கு அறுபது கறிவேப்பிலைக் கன்றுகள் தருவதாக நோர்பரிக் கடைக்காரர் ஒருவருக்கு மாமா சொல்லியிருந்தார். உயிரோடு எத்தனை என்று தெரியவேண்டும். குளிர்காலத்தில் அவை இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நிற்கும். பார்த்தால் செத்தது போலத்தான் இருக்கும். அப்பா என்னிடம் எண்ணிக்கை எழுதும் கொப்பியைத் தந்தார்.

"நகத்தால சுரண்டிப் பார் பிள்ளை. பச்சை தெரிஞ்சா உயிர். மண்ணிறமெண்டா செத்துப்போச்சு, எறி."

எந்த இடத்தில் சுரண்டவேண்டும் என்று சொல்லவில்லை. துளசிச் சாடிகளை மாமாவின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு மனோர் பார்க்குக்குப் போய்விட்டார். மாமா முன் அறையில் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

நான் நுனியில் சுரண்டினேன். நுனி குளிரில் காய்ந்துதானே கிடக்கும். எல்லாம் மண்ணிறம். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணை உதறி, குப்பைத் தொட்டியில் போட்டேன். சாடிகளைக் கழுவி அடுக்கியும் வைத்தேன். அவ்வளவு கெட்டித்தனம். லொறி வந்து தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போனபோது ட்ரைவருக்குக் கை காட்டினேன்.

அப்பா வந்து கொப்பியைப் பார்த்தார். தரையில் தவறி விழுந்திருந்த ஒரு குச்சியை எடுத்து, வேருக்குச் சற்று மேலே சுரண்டினார். பச்சை. அதை ஜாக்கெட் பைக்குள் வைத்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மாமா உள்ளே வந்தார்.

"அத்தான், எங்க கறிவேப்பிலை?"

"செத்துப்போச்சு. ஹீட்டர் போட மறந்துபோனன்."

"எல்லாமோ? ஒரு ஹீட்டரைக்கூடப் பார்க்க ஏலாதோ உங்களுக்கு? சும்மா வாற சனத்தோட கதைச்சுக்கொண்டு நிண்டா இப்பிடித்தான்!"

"ஓம். என்ர பிழைதான்."

"அப்ப நாளையில இருந்து வரவேண்டாம். நான் வேற ஆளைப் பார்க்கிறன்."

அப்பா சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு சாகும்வரை ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினார். அங்கே அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் ஒரு செடிகூட வைக்கவில்லை. 'பிள்ளை செய்த வேலை' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவருடைய இடம் மிஞ்சியிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று அவர்மேல் எனக்கு இன்னும் கோபம். என்மேல் அதைவிடக் கோபம்.

அன்று வீட்டுக்குப் போக மாமாவின் வான் வண்டியும் இல்லை, பஸ்ஸில் போனோம். மேல்தட்டில் முன்சீட் கிடைத்தது.

"அப்பா, இனிச் சனிக்கிழமையும் வீட்டில நிப்பீங்களோ?"

"ஓம்" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.