ஐந்தாவது ரீலைப் போட்டவர்

பழைய தியேட்டரில் இருபத்தாறு வருடம் படம் ஓட்டியவர் அவர். தெருவில் எல்லோருக்கும் இன்றும் ‘ஆபரேட்டர்’தான். பிலிம் அறுந்தால், கீழே விசில் கிளம்புவதற்குள் ஒட்டி ஓடவிட்டுவிடுவார். வேலையில் குறை சொல்ல முடியாது. பயந்த சுபாவம், அதுவும் குற்றமல்ல. பயந்ததை மறைத்ததுதான் அவரைத் தின்றது.

போர்க்காலத்தில் ஒருநாள் காலைக் காட்சி. உள்ளே முந்நூறு பள்ளிப் பிள்ளைகள். அடுத்த தெருவில் குண்டு விழுந்தது. திரையில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்ததால் பிள்ளைகள் அந்தச் சத்தத்தையும் படத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். படம் நின்றிருந்தால் எல்லோரும் தெருவுக்கு ஓடியிருப்பார்கள். நிற்கவில்லை. ஆனால் இரண்டாவது ரீலுக்குப் பிறகு ஐந்தாவது ரீல் ஓடியது. காதலைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த கதாநாயகன் அடுத்த நொடியே மூன்று பிள்ளைகளோடு வந்து நின்றான். அரங்கமே சிரித்தது. வெளியே விமானங்கள் போகும்வரை சிரித்தது.

போன வருடம் ஓர் ஆசிரியை அந்தச் சம்பவத்தை வைத்துச் சிறுவர் நாவல் எழுத வந்தார். “அன்னைக்கு மேல மெஷின் ரூம்ல இருந்தது நீங்கதானே ஐயா?” என்று கேட்டார். ஆபரேட்டர் தலையசைத்தார். அவ்வளவுதான் செய்தார். ஆனால் அசைத்த தலைக்குப் பின்னால் மீதிப் பொய் தானாக வந்தது. “பிள்ளைங்க சிரிக்கட்டும்னு நான்தான் வேணும்னே ரீலை மாத்தினேன்.”

நாவல் வந்தது. அட்டையில் மெஷினருகே நெஞ்சு நிமிர்த்தி அவர். அந்த ஆசிரியையின் பள்ளிக்கூடம் பேச அழைத்தது. மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டு, தன் அண்ணனையும் கூட அனுப்பினார். “நீயும் போண்ணா. இவர் பேசுறதைக் கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு.”

அந்த அண்ணன்தான் அன்று வாசலில் டிக்கெட் கிழித்தவர். மாடிக்கு ஓடி, ஆளில்லாத மெஷினைப் பார்த்து, தெரிந்தும் தெரியாமலும் படத்தை ஓட்டியவர். நாற்பது வருடமாக அதைத் தங்கையிடம் சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூட ஆபரேட்டருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வகுப்பறையில் மச்சான் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். மேஜைமேல் நாவல்கள், எல்லாவற்றிலும் அதே நெஞ்சு. ஒரு சிறுமி எழுந்தாள்.

“தாத்தா, குண்டு விழும்போது உங்களுக்குப் பயமே இல்லையா?”

ஆபரேட்டர் பதிலைத் தயாராக வைத்திருந்தார். வாயைத் திறந்தபோது, மச்சான் மற்ற பிள்ளைகளைப் போலவே ஆவலாகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. கேலி இல்லை. காட்டிக்கொடுக்கும் எண்ணமும் இல்லை. அதைத் தாங்க முடியவில்லை.

“பயந்தேம்மா. ஓடிட்டேன். படத்தை ஓட்டினது நான் இல்ல. அதோ, பின்னாடி உட்கார்ந்திருக்காரே, அவரு.”

“அப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“கக்கூஸ்ல. தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு.”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. கையிலிருந்த நாவலின் அட்டையை மெல்லக் கவிழ்த்து வைத்தார். ஆபரேட்டரின் காது மடல்வரை சூடேறியது.

மச்சான் தடுமாறி எழுந்தார். “என்ன மாப்பிள்ளை இது! அவசரத்துல கைக்குக் கிடைச்ச டப்பாவைப் போட்டேன். அது என் மடத்தனம். அதையும் புத்திசாலித்தனம்னு உங்க கணக்குல சேர்த்துட்டீங்களே!”

மறுபடியும் சிரிப்பு. பிறகு யாரோ கைதட்ட, வகுப்பே மச்சானைப் பார்த்துத் தட்டியது.

பஸ்ஸில் திரும்பினார்கள். இறங்கும்போது மச்சான் சொன்னார்: “தங்கச்சிகிட்ட நான் வாயைத் திறக்க மாட்டேன். கவலைப்படாதீங்க.”

“நீங்க திறக்காததுதான் மச்சான் எனக்குக் கவலை.”

சொல்லிவிட வேண்டும் என்று முடிவுசெய்தார். எங்கே தொடங்குவது என்று வீடுவரை தேடினார். அகப்படவில்லை. மனைவி கதவைத் திறந்ததும் கேட்டார்:

“பிள்ளைங்க கைதட்டினாங்களா?”

“தட்டினாங்க,” என்றார் ஆபரேட்டர், மனைவியின் முகத்தைப் பார்க்காமல். “உங்க அண்ணனுக்கு.”